குழிக்கு ஆகாதது

அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் எங்கேயாவது ஓர் எருக்குழியைப் பார்த்துவிட்டால் எனக்கு அவர் ஞாபகம் வரும். ஞாபகத்தோடு கோபமும் வரும். இத்தனை வருடத்தில் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு பங்களாவில் ஒன்பது வருடம் தோட்டக்காரனாக இருந்தேன். ஐம்பதுகளின் நடுவில் பாலசமுத்திரத்திலிருந்து மலையேறிப் போனவன். பங்களாவின் முன்பக்கத்தைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவார்கள். பின்பக்கத்து நான்கு அறைகளில் பங்களாவுக்குச் சொந்தக்காரரான அந்த அம்மா வருடம் முழுவதும் இருந்தார். பழனிக்காரர். அடிவாரத்தில் யாத்திரை வருகிறவர்களுக்காகக் கடை வைத்திருந்த குடும்பம். கணவர் போன பிறகு தனியாக மேலே வந்துவிட்டார். வெள்ளைப் புடவைக்கு மேல் கணவருடைய பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொள்வார். கோட்டின் கை அவருக்கு நீளம். அதை மடித்துவிட்டுக்கொண்டேதான் பேசுவார். என்னைப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "தோட்டம்" என்பார். "தோட்டம், இங்க வா." "தோட்டம், அந்தப் பாத்தியப் பாத்தியா?" ஒன்பது வருடமும் நான் தோட்டம்தான்.

காலையில் சாமி கும்பிட்டு முடித்ததும் அவருக்கு முதல் சோலி எருக்குழி. சமையல்கட்டுக் கழிவையெல்லாம் சமையல்காரர் ஒரு கூடையில் போட்டுக் குழி ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருப்பார். அம்மா குடை நுனியால் அதைக் கிளறுவார். இது குழிக்கு, இது மாட்டுக்கு, இது பள்ளத்துக்கு என்று அவர் சொல்லச் சொல்ல நான் பிரிக்க வேண்டும். பள்ளம் என்பது தைல மரங்களைத் தாண்டி, ஓடைப் பக்கமாகச் சரிந்து இறங்கும் இடம். வேண்டாததெல்லாம் அங்கே போகும்.

அவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். வாழைப்பழத் தோலை நறுக்கித்தான் போட வேண்டும். நாரத்தை, எலுமிச்சைத் தோல் ஒரு கைக்கு மேல் கூடாது. வெந்த சோறும் எண்ணெய் பட்டதும் போட்டால் எலி வரும். ஈரக் கழிவு ஓர் அடுக்கு போட்டால் காய்ந்த சருகு இரண்டு அடுக்கு. மக்கிய எருவை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். "இன்னும் பதினஞ்சு நாள்" என்பார். சரியாகப் பதினைந்து நாள் ஆகும். அந்த எருவில் வந்த ரோஜாவையும் டேலியாவையும் நின்று பார்க்காமல் யாரும் அந்தத் தெருவைத் தாண்டியதில்லை.

ஆனால் அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. வாய் பட்டது குழிக்கு ஆகாது. சாப்பிட்ட இலை ஆகாது. தட்டில் ஒதுக்கிய கறிவேப்பிலை ஆகாது. கடித்துத் துப்பிய முருங்கைச் சக்கை ஆகாது. டீத்தூளில்கூட இரண்டு வகை. வடிகட்டியில் நின்ற தூள் குழிக்குப் போகலாம். டம்ளர் அடியில் தங்கிய தூள் பள்ளத்துக்கு. ஏன் என்று கேட்டால், இந்தத் தோட்டத்துப் பூ சாமிக்குப் போகிறது என்பார். அது உண்மை. மாதாமாதம் கார்த்திகைக்கு ஒரு கூடைப் பூ, மலை விளிம்பில் இருந்த கோயிலுக்குப் போகும். அவரும் கூடவே போவார். மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனிமலை தெரியும். கோட்டுக் கையை மடித்துவிட்டபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள்.

ஒரு சீசனில் மதுரையிலிருந்து வந்த குடும்பம் முட்டை ஓடுகளைக் காகிதத்தில் சுற்றிக் கழிவுக்கூடையில் போட்டுவிட்டது. நாங்கள் பார்க்காமல் குழியில் கொட்டிவிட்டோம். மறுநாள் குடை நுனியில் ஓர் ஓடு தட்டுப்பட்டது. முழங்கால் ஆழம் தோண்ட வைத்தார். கடைசி ஓடு வரைக்கும் எடுத்த பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

"முட்டை ஓடு மண்ணுக்கு நல்லதுங்க" என்றேன், பாதி வாய்க்குள்ளேயே.

"மண்ணுக்கு நல்லதா இருக்கும். சாமிக்கு ஆகாதுல்ல" என்றார்.

அவர் உள்ளே போனதும் சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் பழனிப் பக்கத்து ஆள், வயதானவர், வாய் சும்மா இருக்காது.

"குப்பைக்கு ஆசாரம் பாக்குற வீடு உலகத்துலயே இது ஒண்ணுதாம்ப்பா. நாளைக்கு மண்புழுவையும் குளிச்சிட்டு வரச் சொல்லுவாக, பாத்துக்க."

அன்று நானும் சிரித்தேன். அவர் சாமி, அவர் பூ, அவர் குழி. எனக்கென்ன என்று இருந்தேன்.

ஏழாவது வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாரியம்மாளை மேலே கூட்டிவந்தேன். தோட்டத்துக் கோடியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கேயே அடுப்பு மூட்டிக்கொண்டோம். வந்த மூன்றாம் நாள் அவள் காய் நறுக்கிய தோலை முறத்தில் எடுத்துப்போய் எருக்குழியில் போட்டாள். ஊரில் எல்லாரும் செய்வதுதான். அதைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். திட்டவில்லை. அவர் யாரையும் உரக்கத் திட்டியதில்லை.

"ஏம்மா, இது யாரு வீட்டுது?"

"எங்க வீட்டுதும்மா. வாய் வச்சதெல்லாம் இல்ல. பச்சைத் தோலுதான். கேரட்டு, வெங்காயம்."

"உங்க வீட்டுதை இங்க போடக் கூடாது."

"ஏம்மா?"

அம்மா என்னைப் பார்த்து, "தோட்டம், நீ சொல்லிக் குடுக்கலையா?" என்றார்.

நான் குழிக்குள் இறங்கி அந்தத் தோலைப் பொறுக்கி எடுத்தேன். மாரி பார்த்துக்கொண்டு நின்றாள். வெங்காயத் தோல் லேசானது, காற்றில் பறந்தது. அதையும் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

குழியில் வேறு என்னவெல்லாம் போனது என்று சொல்கிறேன். மாட்டுச் சாணி போனது. ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவர்கள் சாக்குச் சாக்காகக் குதிரைச் சாணி கொண்டுவந்து கொட்டினார்கள். தெருவில் கூட்டிய சருகு போனது, அதில் யார் துப்பியிருந்தார்களோ. சாமிக்குப் போகும் பூவுக்கு அவை எல்லாம் ஆகும். என் பெண்டாட்டி கையால் நறுக்கிய கேரட்டின் தோல் ஆகாது. அதே கேரட்டை நான்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே குவியலிலிருந்து பொறுக்கி, ஒரு பை அம்மா வீட்டுக்கும் ஒரு பை என் வீட்டுக்கும் வாங்கி வருவேன். குழியை வெட்டியது நான். கிளறுவது நான். எருவை அள்ளிச் செடிக்குப் போடுவது நான். என் கை ஆகும். என் வீட்டுத் தோல் ஆகாது. இதை நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அந்த அம்மா முன்னால் தனியாக நின்றாலும் அப்படித்தான்.

அன்றிலிருந்து மாரி எங்கள் கழிவைப் பள்ளத்துக்குத்தான் சுமந்தாள். ஆடி மாதத்து மழையில் அந்தச் சரிவு சோப்புப் போட்டது மாதிரி வழுக்கும். ஒருநாள் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. விஷயம் தெரிந்ததும் அம்மா துடித்துப்போனார். தைலம் கொடுத்தனுப்பினார். காலையும் மாலையும் ஒரு செம்புப் பால் அனுப்பினார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பாவம், புள்ளைய மழையில அனுப்பாதே. சேத்துவச்சு, வெயில் அடிக்கிறப்ப கொட்டச் சொல்லு."

நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கு இன்றுவரை வயிறு எரிவது அந்த இரக்கத்தை நினைத்துத்தான். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது.

மாரி அந்தப் பாலைத் தொடவில்லை. "தோலு ஆகாதாம், பாலு மட்டும் ஆகுமாக்கும்" என்று அப்படியே பூனைக்கு ஊற்றினாள்.

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம், ஒன்பதாவது சீசனில், அம்மாவின் அண்ணன் மகன் வத்தலக்குண்டிலிருந்து இரண்டு சாக்கு உருளைக்கிழங்கு அனுப்பினார். ஒரு சாக்கைப் பிரித்ததும் நாற்றம் அடித்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பாக ஓடியிருந்தது. சமையல்காரர் அழுகலையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுக் குழிக்குக் கொண்டுவந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. மேல்மலைப் பக்கம் கருகல் நோய் வந்து உருளைக் காடு முழுவதும் நாசமான கதையைச் சந்தையில் கேட்டிருந்தேன். எங்கள் தோட்டத்திலும் மூன்று பட்டை நிலத்தில் உருளை போட்டிருந்தோம்.

"நோய் கண்ட கெழங்கு மாதிரி இருக்குங்க. எரிச்சுப்புடலாமுங்க" என்றேன்.

அம்மா குடை நுனியால் ஒரு கிழங்கை உருட்டிப் பார்த்தார்.

"நம்ம சமையல்கட்டுலருந்து வர்றது எதுவும் கெடுதல் பண்ணாது. போடு."

போட்டேன்.

ஒரு மாதம் கழித்து மழை பிடித்தது. குழியின் மேல் அந்தக் கிழங்குகள் முளைத்து வந்தன. அந்த இலைகளில்தான் முதலில் கரும்புள்ளி விழுந்தது. நான் பார்த்தேன். சமையல்காரருக்கும் காட்டினேன். பிடுங்கிப் போடுவதற்குள் பட்டைகளுக்குப் பரவிவிட்டது. நான்கே நாளில் மூன்று பட்டையும் வெந்நீர் ஊற்றியது போலக் கருகித் தொங்கிற்று. நாற்றம் பங்களா வரை வந்தது.

அம்மா பட்டை ஓரத்தில் நின்றார். நான், சமையல்காரர், களை எடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள், எல்லாரும் இருந்தோம். மாரியைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

"திரும்பவும் குழியில கொட்டினியாம்மா?"

"இல்லம்மா. அன்னைக்கு ஒருநாளு தவிர நான் அந்தப் பக்கமே வர்றதில்ல."

"பின்ன எப்படி இப்படி ஆகும்? ஆகாதது எதுவோ விழுந்திருக்கு. இத்தனை வருசம் வராத நோவு இப்ப வருதுன்னா?"

"அவுகளுக்குத் தெரியும். அவுகளையே கேளுங்க" என்று மாரி என்னைக் காட்டினாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சமையல்காரர் மட்டும் மேகத்தைப் பார்த்தார். "உங்க வீட்டு அழுகக் கெழங்குதான்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். என் கால் கட்டைவிரல் மண்ணில் புதைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குழியக் காலி பண்ணு, தோட்டம்" என்றார் அம்மா. "எல்லாத்தையும் பள்ளத்துல தள்ளு. புதுசா ஆரம்பிப்போம். உன் பொஞ்சாதிய ஊருக்கு அனுப்பிவை. நாளன்னைக்கு மத்தியான பஸ்ஸுக்குப் போகட்டும். நீ இரு. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

அன்று மாரி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" அவள் சேலைகளை மடித்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.

இரண்டு நாள் குழியை ஒரு கோடியிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தேன். ஒரு வருடத்து எரு. பாதிக்கு மேல் கறுப்பாகப் பொலபொலவென்று பக்குவமாகியிருந்தது. அத்தனையையும் கூடை கூடையாகச் சுமந்துபோய்ப் பள்ளத்தில் கொட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானம் கிழங்கு கொட்டிய மூலை வந்தது. முளையோடு, கொழகொழவென்று, வத்தலக்குண்டுச் சாக்கின் நார்கூட ஒட்டியபடி அந்தக் கிழங்குகள். ஒரு கூடையில் அள்ளினேன். நேரே போய் அம்மா நின்ற படிக்கட்டில் வைத்தேன்.

"இது நம்ம வீட்டுச் சாக்குக் கெழங்குங்க. இதுலருந்துதாங்க வந்துச்சு. மாரி எதுவும் போடலைங்க."

என் வாழ்க்கையில் அவரிடம் நான் தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசியது அந்த ஒரு தடவைதான். அம்மா கூடையைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கோட்டுக் கையை ஒரு மடிப்பு மடித்தார்.

"இது நம்ம வீட்டுதுதான். இதுல தோசம் இல்ல. அவ போட்டதோட சேந்துதான் இது கெட்டுப்போச்சு. பாவம், அதுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு. கொண்டுபோய்க் கொட்டு."

என்றைக்கோ ஒருநாள் விழுந்து, நானே பொறுக்கி எடுத்துவிட்ட நாலு வெங்காயத் தோல் இரண்டு வருடம் கழித்து ஒரு சாக்குக் கிழங்கைக் கெடுத்துவிட்டதாம். அதைச் சொன்னவருக்கு எருவை முகர்ந்து நாள் சொல்லத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை வெள்ளனே அம்மா குளித்துவிட்டு வந்தார். வெறும் குழியின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சமையல்காரர் அன்றைய கூடையைக் கொண்டுவந்தார். கேரட் தோல், பீன்ஸ் நார், பூண்டுத் தோல். புதுக் குழிக்கு முதல் கழிவு. அம்மா தலையசைத்ததும் கொட்டினார்.

அப்போது மாரி வந்தாள். கக்கத்தில் மூட்டை. கையில் முறம். முறத்தில் எங்கள் வீட்டுக் கேரட் தோலும் பீன்ஸ் நாரும் பூண்டுத் தோலும். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரே குவியலில் வாங்கியவை. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே குழி ஓரத்துக்கு வந்தாள். முறத்தைக் கவிழ்த்தாள். குனிந்து, கையை விட்டு, இரண்டையும் நன்றாகப் பிரட்டிவிட்டாள். சாதம் பிசைவது போல.

"இப்பப் போட்டேன். இப்பச் சொல்லுங்க, நான் போட்டேன்னு" என்றாள்.

சமையல்காரர் "அடி ஆத்தா" என்றார், மெதுவாக.

"தோட்டம், எடு அத" என்றார் அம்மா.

நான் நின்றேன்.

"ஏலே, எடுறான்னா."

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. நான் மண்வெட்டியைக் குழி ஓரத்தில் சாய்த்து வைத்தேன். அம்மா சமையல்காரரைப் பார்த்தார். அவர் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு, "அடுப்புல பால் கெடக்கு, பொங்கிரும்" என்று வெரசாக உள்ளே போய்விட்டார்.

அம்மா குடையைக் கீழே வைத்தார். கணவருடைய கோட்டோடு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு, குழிக்குள் இறங்கினார். உட்கார்ந்தார். ஒரு கேரட் தோலை எடுத்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"இது யாரு வீட்டுது?"

எனக்குத் தெரியும். சமையல்காரர் பெரிய கத்தியால் பட்டையாகச் சீவுவார். மாரி அரிவாள்மனையில் மெல்லிசாகச் சீவுவாள். ஒன்று பார்த்தாலே போதும், இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்திருப்பேன். மாரியின் கக்கத்திலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு அவளோடு நடந்தேன்.

கேட்டு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா குழிக்குள் இரண்டு குவியல் வைத்திருந்தார். ஒரு குவியலிலிருந்து ஒரு தோலை எடுத்து மற்றதில் போட்டார். கொஞ்சநேரம் அதையே பார்த்தார். திரும்ப எடுத்து முதல் குவியலிலேயே வைத்தார்.